மரணப் படுக்கையருகே ஒரு மன்னர்



தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டைக்குள் 1779-ஆம் ஆண்டில் எழும்பிய ஆலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் உண்டு. இலண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேன் செதுக்கியது. அதில் சுவார்ட்ஸ் ஐயர் பிரசங்க பீடத்தில் நிற்கவில்லை. மரணப் படுக்கையில் கிடக்கிறார். இரண்டாம் சரபோஜி அவருடைய கையைப் பற்றியிருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே ஐயர் நிற்கிறார். பள்ளிப் பிள்ளைகளும் உடனிருக்கிறார்கள்.

1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஐயர், கடைசி மாதங்களில் கால் நோயால் மிகுந்த வேதனைப்பட்டார். உடனிருந்தோர் ஞானப்பாட்டுகளைப் பாடி அவரைத் தேற்றினார்கள். 1798 பிப்ரவரி 13 அன்று தமிழ் ஊழியர்களின் கரங்களில் அவர் உயிர் பிரிந்தது. அடக்கத்திற்கு முன் சரபோஜி வந்து, கண்ணீர் விட்டு, பொன்னாடை போர்த்தினார். தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருந்தவர் அவர். ஆயினும் தம்மை வளர்த்தவருக்கு ஒரு சிற்பம் எழுப்ப விரும்பியபோது, அந்தக் கடைசிச் சந்திப்பையே அவர் தெரிந்துகொண்டார்.

அதே மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில் தம் நாட்டுச் சத்திரங்களின் தருமத்தை விளக்குகிறார். இராமேசுவரம் போகும் வழிப்போக்கருக்கு அன்னம் மட்டுமல்ல, நோயுற்றோருக்கு வைத்தியமும் உண்டு. பிழைக்காமல் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி அடக்கமும் உண்டு. வழியில் விழுந்த அந்நியனும் அனாதையாகச் சாகலாகாது என்பதே அதன் கருத்து.

மேல்நாட்டில் 'ஹாஸ்பிஸ்' என்பதும் ஆதியில் யாத்திரிகரின் சத்திரமே. அந்தப் பழஞ்சொல்லுக்கு நம் காலத்தில் புது உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியராக இருந்து பின்பு மருத்துவரான அவர், 1958 முதல் இலண்டன் புனித யோசேப்பு ஹாஸ்பிஸில் புற்றுநோயாளிகளின் வலியைக் கவனித்துக் குறித்துவந்தார். வலி தாங்கமுடியாமல் கதறும்வரை காத்திராமல், மணி தவறாது அளவறிந்து மார்ஃபின் கொடுத்தால், நோயாளி தெளிந்த மனத்தோடு இருக்கலாம் என்று கண்டார். உடல் வலியோடு மனக்கலக்கமும் குடும்பக் கவலையும் ஆத்தும வேதனையும் பின்னிக்கிடப்பதை 'முழுமையான வலி' என்று அழைத்தார். 1967-இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார்.

நம் தேசத்தில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா ஆசிரமமும், 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கமும் இப்பணியைத் தொடங்கின. ஆனால் 1985-இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால், அபினியைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே நோயாளிக்கு மார்ஃபின் அரிதாயிற்று. 2014-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர நாளாவதுபோல, இந்த ஆறுதலும் நம் கிராமங்களுக்குத் தாமதமாகவே வருகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதை அறியாத குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு.

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் குடும்பங்களை நாம் அறிவோம். அந்தச் சொல் சரியல்ல என்பதற்குச் சான்று உண்டு. பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. நோய் கண்டறிந்தவுடனே ஆதரவுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள். கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகப் பெற்றும், மற்றவர்களைவிட அதிக காலம் உயிரோடிருந்தார்கள்: இடைநிலை அளவில் 11.6 மாதம், மற்றவர்களுக்கோ 8.9 மாதம்.

வலிமருந்து வாங்குவது அவிசுவாசம் என்றும், வேதனையைச் சகிப்பதே சிலுவை சுமப்பது என்றும் சிலர் எண்ணுகிறார்கள். நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் பொறுமையைப் பற்றிப் பேசவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான். பின்பு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் ஒரு சத்திரந்தான். கெத்செமனேயில் நம் ஆண்டவர் சீஷரிடம் கேட்டது விழித்திருந்து உடனிருப்பதையே. அவர்களோ தூங்கிப்போனார்கள்.

ஆகவே பிரியமானவர்களே, நோயாளியின் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு ஜெபத்தோடு விரைந்து திரும்பாதீர்கள். வலி எப்படியிருக்கிறது என்று கேளுங்கள். மருந்து கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இரவெல்லாம் கண்விழித்த மகளை ஒருமணி நேரம் தூங்கவிட்டு, நீங்கள் அந்தக் கையைப் பற்றியிருங்கள். அன்று மன்னர் செய்ததை இன்று நம்மில் எவரும் செய்யலாம்.

ஜெபம்: ஆறுதலின் தேவனே, மரண இருளின் பள்ளத்தாக்கில் நடக்கிறவர்களோடு நடக்க எங்களுக்குப் பெலன் தாரும். அவர்கள் வேதனைக்கு எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.