சாம்பிராணி தந்த காப்புப் பொருள்

சோடியம் பென்சோயேட்டு என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே, அஃது ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஏதோ ஓர் அயற்பொருள் என்று பலர் எண்ணுவர். பழச்சுவைப் பானங்களிலும், தக்காளிச் சாற்றிலும், ஊறுகாய்ச் சாடிகளிலும் 211 என்னும் எண்ணால் குறிக்கப்பெறும் இப்பொருளின் பெயர் வந்த வழியை ஆராய்ந்து சென்றால், தமிழர் இல்லங்களில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் மணக்கும் சாம்பிராணியிற்போய் நிற்போம்.

சாம்பிராணி என்று கடைகளில் விற்கப்படுவன யாவும் ஒரே மரத்தின் பிசின் அல்ல. அரபு நாட்டுக் குந்துருக்கம் வேறு. சுமத்திராவின் மலைக்காடுகளில் ஸ்டைராக்ஸ் இன மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின் வேறு. மலாய்க்காரர் கெமெஞான் என வழங்குவது பின்னதையே. அரபு வணிகர் இதனை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குந்துருக்கம், என்றனர். அவர்கள் ஜாவா என்றது பெரும்பாலும் சுமத்திராவையே. இப்பிசினும் கற்பூரமும் கப்பலேறிய துறைகளுள் பெயர் பெற்றது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருசு. அங்கே லோபு துவா என்னுமிடத்தில் கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த அக்கல்வெட்டைப் பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் 1932இல் ஆராய்ந்து எழுதினார். அக்கல்வெட்டு சாம்பிராணியைப் பற்றிப் பேசவில்லை. கத்தூரியின் விலையைக் கணக்கிட்டுப் பொன்னாகச் செலுத்தவேண்டிய கட்டணத்தைப் பற்றியே பேசுகிறது. ஆயினும், அத்துறையில் தமிழ் வணிகர் நிலைத்திருந்தனர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

லுபான் ஜாவி மேனாட்டுக்குச் சென்றபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. முதலில் நின்ற 'லு' என்னும் எழுத்தைத் தம் மொழியின் சுட்டுச்சொல் என மயங்கிய ஐரோப்பியர் அதனை உதறிவிட்டனர். எஞ்சியது பெஞ்சுய் ஆகி, பென்சாயின் ஆயிற்று. பிசினைச் சூடாக்கினால் வெண்மையான ஊசிப் படிகங்கள் படிவதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தனர். 1775இல் சுவீடன் நாட்டு ஷீலே, சுண்ணாம்பு நீரைக் கொண்டு அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் முறையைக் காட்டினார். 1832இல் லீபிக், வோலர் என்னும் இரு செர்மானியர் அதன் அமைப்பை ஆராய்ந்தனர். அதுவே பென்சாயிக் அமிலம். அடுத்து மிட்செர்லிக் என்பார் அவ்வமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்து வாலை வடித்து ஒரு நீர்மத்தைப் பெற்றார். பாரடே 1825இல் எரிவாயு எண்ணெயிலிருந்து பிரித்த பொருளும் அதுவே. பென்சீன் என இன்று அழைக்கப்படும் அந்நீர்மத்தின் பெயரிலும் ஜாவியே ஒளிந்திருக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கு வேலை உண்டு.

பூஞ்சணத்தை அடக்கும் ஆற்றல் பென்சாயிக் அமிலத்திற்கு உண்டு என்பதை 1875இல் சால்கோவ்ஸ்கி என்னும் செர்மானிய அறிஞர் எடுத்துரைத்தார். பிரியாத நிலையிலுள்ள அமிலம் பூஞ்சணத்தின் உயிரணுச் சுவரைக் கடந்து உள்ளே சென்று, அங்குப் பிரிந்து, அணுவின் உட்புறத்தைப் புளிப்பாக்கி அதன் வளர்ச்சியை முடக்குகிறது. புளிப்புள்ள உணவில்தான் அமிலம் பிரியாமல் இருக்கும். ஆகவே எலுமிச்சைச் சாற்றுக்கு இது காவல். பாலுக்கும் பச்சை மீனுக்கும் இதனால் பயனில்லை. அமிலம் நீரில் எளிதிற் கரையாது. அறைச் சூட்டில் 100 மில்லி லிட்டர் நீரில் அரை கிராம்கூடக் கரைவதில்லை. அதன் சோடிய உப்போ 50 கிராமுக்கு மேல் கரையும். ஆலைகள் உப்பையே நாடுவதன் காரணம் இதுதான். இக்காலத்தில் பிசினை எவரும் காய்ச்சுவதில்லை. கல்லெண்ணெய் வழிவந்த டொலுயீனிலிருந்தே அமிலம் செய்யப்படுகிறது.

மலிவான காவல் கிடைத்தவுடன் அழுகலை மறைக்கவும் அது துணையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஆலைகள் வெங்காரம், பார்மலின், சாலிசிலிக் அமிலம், பென்சோயேட்டு ஆகியவற்றை அளவின்றி உணவிற் கலந்தன. வாங்குவோர்க்கு எதுவும் தெரியாது. சீட்டிற் சொல்லவேண்டிய கடமையும் விற்போர்க்கு இல்லை. வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளராயிருந்த ஆர்வி வைலி என்பார் 1902இல் அரசிடம் 5,000 டாலர் பெற்று, வாசிங்டனில் ஓர் உணவுக்கூடம் அமைத்தார். தாமாக முன்வந்த 12 இளைஞர் அங்கு நாள்தோறும் உண்டனர். உணவோடு அளந்து கொடுக்கப்பட்டது காப்புப் பொருள். செய்தித்தாள்கள் அவர்களை 'நஞ்சுப் படை' என்றன. வெங்காரத்தில் தொடங்கிய சோதனை பென்சோயேட்டு வரையில் நீண்டது. உண்டவர்க்குக் குமட்டலும் எடைக்குறைவும் வந்தன எனக் கண்ட வைலி, பென்சோயேட்டு உணவில் இருத்தலே ஆகாது என்றார். 1906 ஜூன் 30ஆம் நாள் தூய உணவு, மருந்துச் சட்டம் கையொப்பமானதில் அவர் பங்கே பெரிது.

ஆனால் ஆலை முதலாளிகள் குடியரசுத் தலைவர் ரூசுவெல்டிடம் முறையிட்டனர். அவர் 1908இல் ஐவர் அடங்கிய அறிஞர் குழுவொன்றை ஐரா ரெம்சன் தலைமையில் அமைத்தார். ரெம்சனோ சாக்கரின் என்னும் செயற்கைச் சர்க்கரையைக் கண்டறிந்த இருவருள் ஒருவர். சாக்கரின் உடலுக்குத் தீங்கு செய்யும் என்னும் பொருள்பட வைலி பேசப்போக, அதனை நாள்தோறும் உண்டுவந்த ரூசுவெல்டு வெகுண்டார் என்று வைலியே எழுதிவைத்துள்ளார். குழு 1909இல் தன் முடிவைக் கூறியது: நாளொன்றுக்கு அரை கிராமுக்குக் குறைந்த பென்சோயேட்டால் தீங்கில்லை. சீட்டிற் குறித்துச் சேர்க்கலாம் என்று அரசு இசைந்தது. வைலி 1912இல் பதவி துறந்தார்.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? வைலியின் சோதனையில் குறை உண்டு. பென்சோயேட்டு இன்றி உண்ணும் மற்றொரு குழுவை அருகே நிறுத்தி அவர் ஒப்பிடவில்லை, அளவும் மிகுதி. அறிவியல் முறையில் ரெம்சன் குழுவின் ஆய்வே திருத்தமானது. ஆயினும் வைலி கேட்ட வேறொரு கேள்விக்குக் குழு விடை கூறவில்லை: நல்ல காயும் தூய ஆலையும் இருந்தால் இப்பொருள் எதற்கு? அதற்கு விடை தந்தவர் ஐன்சு என்னும் தக்காளிச் சாற்று வணிகர். நன்கு பழுத்த பழத்தை எடுத்து, காடியையும் சர்க்கரையையும் கூட்டி, பென்சோயேட்டு இல்லாமலே கெச்சப்பு செய்து விற்றுக் காட்டினார். கெச்சப்பு என்பதே சீனரின் ஹொக்கியன் மொழியில் மீன் சாற்றைக் குறித்த சொல் என்பர். மலாயில் அது கிச்சாப் ஆகிச் சோயாச் சாற்றுக்கு வழங்குகிறது. ஐன்சின் சரக்கில் சர்க்கரை ஏறியது வேறு கதை.

அளவு பற்றிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லி கிராம் வரை தகும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் உறுதி செய்தது. ஐ.நா. அமைப்புகளின் கூட்டு வல்லுநர் குழுவோ 2021இல் அவ்வெல்லையை 20 மில்லி கிராமாக உயர்த்தியது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதற்கணக்கின்படி 100 மில்லி கிராம்; இரண்டாவதன்படி 400. ஐரோப்பாவில் ஒரு லிட்டர் பானத்தில் 150 மில்லி கிராம் இருக்கலாம். அவ்வளவும் சேர்த்த பானமாயின், முக்கால் லிட்டருக்குள்ளாகவே முதற்கணக்கு நிரம்பிவிடும். மலேசியாவில் 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறைகள், எவ்வெவ்வுணவில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை அட்டவணையிட்டுள்ளன. சிங்கப்பூரிலும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் எந்த அட்டவணையும் ஒரு புட்டியைத்தான் அளக்கும். குழந்தை எத்தனை புட்டி குடிக்கிறது என்பதை அளக்காது.

இனி, பென்சீனுக்கு வருவோம். பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பானத்தில் கூடி, செம்பு அல்லது இரும்பின் சிறு துகள் துணைநிற்க, வெப்பமும் வெளிச்சமும் பட்டால், மிகச் சிறிய அளவில் பென்சீன் உண்டாகும். அது குருதிப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. இவ்வுண்மை 1990இலேயே அமெரிக்க ஆலைகளுக்கும் அரசுக்கும் தெரிந்திருந்தும் வெளியே பரவலாகப் பேசப்படவில்லை. 15 ஆண்டு கழித்து மீண்டும் கிளம்பியபோது ஏறத்தாழ 200 பானங்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 10 பானங்களில், குடிநீருக்கு அந்நாடு வகுத்திருந்த நூறு கோடியில் 5 பங்கு என்னும் எல்லையைப் பென்சீன் கடந்திருந்தது. ஆலைகள் கலவையை மாற்றின. சில, பென்சோயேட்டை விட்டுப் பொட்டாசியம் சார்பேட்டுக்கு மாறின. 202 என்னும் எண் அதனுடையது.