டோபமைன் குறைந்த மூளையில் சிந்தனையும் மொழியும்: 1817 முதல் ஒரு வரலாற்று நோக்கு

நடுக்குவாதம் பற்றிய தம் சிறு நூலை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் வெளியிட்டார். அதற்கு ஆதாரம் ஆறே நோயாளிகள்; அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடுக்கத்தையும் குனிந்த நடையையும் நுட்பமாக விவரித்த அவர், புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றும் எழுதிவிட்டார். தெருவில் போகிறவரின் நடை கண்ணுக்குத் தெரியும். சிந்தனையில் அவர் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரியாது. பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனையில் இந்நோயாளிகளை நீண்டகாலம் கவனித்த மருத்துவர் ஷார்க்கோ, நோய் முற்ற முற்ற மனத்திறனும் மங்குவதைக் குறித்துவைத்தார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை இட்டவரும் அவரே. பெயரை ஏற்றுக்கொண்ட மருத்துவ உலகம் அவருடைய திருத்தத்தை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

வேதியியல் விளக்கம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. டோபமைனை வற்றச்செய்யும் ரெசர்பின் மருந்தைக் கொடுத்ததால் அசைவற்றுக் கிடந்த முயல்கள், உடலில் டோபமைனாக மாறும் டோபாவின் ஊசியால் எழுந்து நடமாடுவதைச் சுவீடனின் அர்வித் கார்ல்சன் 1957-இல் காட்டினார். 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகிவிச்சும் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். நோயற்றவர்களின் மூளை ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் சாறு வேதிவினையில் இளஞ்சிவப்பாக மாறியது. பார்க்கின்சன் நோயாளிகளின் சாற்றில் நிறமே தோன்றவில்லை எனலாம். டோபமைன் இல்லாமையைக் கண்ணாலேயே பார்த்த தருணம் அது. (டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து தாமோதரனும் ராமசாமியும் சென்னையிலிருந்து 1937-இலேயே கட்டுரை வெளியிட்டிருந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.) 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் டோபாவை வாய்வழியே பெரும் அளவில் கொடுத்து, முடங்கியவர்களை நடக்கவைத்தார். இந்த வெற்றிதான் சிந்தனை பற்றிய கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது என்பது என் கணிப்பு. கையும் காலும் விடுபட்டதும் நோயே விடுபட்டதுபோலத் தோன்றியது.

கேள்வி மீண்டும் எழுந்தது 1980-களில். மூளையின் அடித்திரள்கள் அசைவுக்கு மட்டும் உரியவை அல்ல, மூளை முன்மடலின் வெவ்வேறு பகுதிகளோடு தனித்தனிச் சுற்றுகளாக இணைந்தவை என்று அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் மூவரும் 1986-இல் முன்வைத்தனர். இரண்டு ஆண்டுகளில், 1988-இல், கிஷ்ஷும் ஹோர்னிகிவிச்சும் இன்னொன்றைக் காட்டினார்கள்: டோபமைன் எங்கும் ஒரே அளவில் வற்றுவதில்லை. ஸ்ட்ரையேட்டத்தில் அசைவோடு தொடர்புடைய பியூட்டமென் பகுதியில் இழப்பு மிகக் கடுமை. சிந்தனைச் சுற்றில் உள்ள காடேட்டில் அதைவிடக் குறைவு.

இந்த ஏற்றத்தாழ்வுதான் முழு விவகாரத்தின் திறவுகோல் என்று நான் கருதுகிறேன். பியூட்டமெனுக்குப் போதுமான மருந்து, இன்னும் டோபமைன் மிச்சமிருக்கும் இடத்துக்கு மிகையாகிவிடலாம். அதே 1988-இல் காதம், பிரவுன், மார்ஸ்டன் ஆகியோர் ஒரே நோயாளிகளை லெவோடோபா (டோபாவின் மருந்து வடிவம்) எடுத்த நிலையிலும் எடுக்காத நிலையிலும் சோதித்தார்கள். இரு வகைச் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்வது மருந்து இல்லாதபோது தடுமாறியது. ஆனால் சில கற்றல் பணிகளில் மருந்து எடுத்தபோதுதான் தடுமாற்றம் வந்தது. 2001-இல் ரோஷான் கூல்ஸும் கேம்பிரிட்ஜ் குழுவினரும் இதைக் கூர்மையாக்கினர். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவதை லெவோடோபா சீராக்கியது. இதுவரை சரியாக இருந்த விடை தவறாகிப்போனதை உணர்ந்து மாறிக்கொள்வதை அது கெடுத்தது. கையை விடுவிக்கும் அதே மாத்திரை தீர்மானத்தைக் குலைக்கக்கூடும். நடையை மட்டும் பார்த்து மருந்தளவு முடிவுசெய்வது பாதி நோயாளியை மட்டும் பார்ப்பதாகும்.

மொழியாய்வின் பாதை இவ்வளவு நேரானதல்ல. 1997-இல் மைக்கேல் உல்மன் குழுவினர், பார்க்கின்சன் நோயாளிகள் ஆங்கிலத்தில் விதிப்படி அமையும் இறந்தகால வினைகளில் அதிகம் தவறுவதாகவும், அல்சைமர் நோயாளிகள் விதிவிலக்கான வினைகளில் தவறுவதாகவும் அறிவித்தனர். இலக்கணம் பழக்கத்தின் நினைவிலும் சொற்கள் தகவலின் நினைவிலும் உறைகின்றன என்ற அழகான கோட்பாடு அதிலிருந்து எழுந்தது. 2005-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் அந்த வேறுபாடு வெளிப்படவில்லை. எனக்கு உறுதியாகத் தோன்றுவது 2008-இல் பிரான்சிலிருந்து பூலாஞ்செ குழுவினர் தந்த சான்று. ஒரு சொல்லை உணரமுடியாத வேகத்தில் முன்கூட்டிக் காட்டினால், அதை அடுத்து அடையாளம் காண்பது விரைவாகும். மருந்து இல்லாத நோயாளிகளிடம் இந்த விரைவு பொருட்பெயர்களில் இருந்தது. செயலைக் குறிக்கும் வினைச்சொற்களில் ஏறக்குறைய மறைந்திருந்தது. லெவோடோபா எடுத்ததும் வினைகளிலும் திரும்பியது. அசைவின் சுற்று நலிந்தால் அசைவைப் பேசும் சொற்களும் நலிகின்றன.

எல்லாவற்றையும் டோபமைனின் கணக்கில் எழுதிவிட முடியாது. சிட்னியில் 20 ஆண்டுகள் பின்தொடரப்பட்டு உயிருடன் இருந்த நோயாளிகளில் 83 விழுக்காட்டினருக்கு மறதிநோய் வந்திருந்தது. கேம்பிரிட்ஜ் வட்டார ஆய்வில், திட்டமிடுதலில் தடுமாறியவர்கள் மறதிநோயின் பக்கம் போகவில்லை. விலங்குப் பெயர்களை அடுக்கிச் சொல்ல முடியாதவர்களும் ஐங்கோண உருவைப் பார்த்து வரைய முடியாதவர்களுமே போனார்கள். முன்னது டோபமைன் சுற்றின் குறை. பின்னது மூளைப் புறணியின் பின்பகுதியைச் சார்ந்தது. 2004-இல் இம்மறதிநோய்க்கு ஓரளவு பலன் தருவதாக நிறுவப்பட்ட ரிவாஸ்டிக்மின் மருந்தும் டோபமைனைத் தொடுவதில்லை. அது அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுக்கிறது.