குமாரசுவாமி எங்கட ஆளோ?

ஜெனீவாவுக்கு அருகே, செர்ன் எனப்படும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு மீற்றர் உயரமான நடராஜர் சிலையொன்று நிற்கிறது. 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. சென்ற கோடையில் மகளை அங்கு கூட்டிச் சென்றிருந்தேன். சுவிஸில் பிறந்து வளர்ந்தவள். சிலையைப் பார்த்ததிலும் அதனருகே இருந்த விளக்கப் பலகையை வாசித்ததுதான் கூட. அதில் ஆனந்த குமாரசுவாமியின் பெயரைக் கண்டதும், "அப்பா, இவர் எங்கட ஆளோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று உடனே சொல்லிவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்த "ஓம்" உறுத்தத் தொடங்கியது. அவர் எந்த அர்த்தத்தில் எங்கட ஆள்?

குமாரசுவாமி 1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, சட்டசபையின் தமிழ் உறுப்பினர். அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் தந்தவர். பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் தாய்மாமன். தாய் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். அந்த ஊரின் நினைவாகப் பிள்ளையின் பெயருக்கு நடுவே "கென்ரிஷ்" என்ற சொல்லும் சேர்ந்தது. ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி: பெயரிலேயே இரண்டு ஊர்கள்.

தாயும் பிள்ளையும் இங்கிலாந்துக்கு முன்னதாகப் போய்விட்டனர். பின்னால் போகவிருந்த தந்தை 1879 மே மாதம் கொழும்பில் காலமானார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தந்தையின் முகமோ மொழியோ நினைவில் தங்குவதற்கு வாய்ப்பிருக்கவில்லை. ஆங்கிலப் பாடசாலையிலும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்துப் புவியியலாளர் ஆனார்.

இலங்கைக்கு அவர் திரும்பி வந்தது வேர் தேடி அல்ல, கல் தேடி. 1903 முதல் 1906 வரை கனிமவள ஆய்வின் பணிப்பாளராக இருந்தார். தோரியனைற் என்ற கனிமத்தைக் கண்டறிந்ததும் அக்காலத்தில்தான். ஆனால் கண்டிப் பிரதேசத்துக் கிராமங்களில் அலைந்து திரிந்தபோது, கல்லோடு சேர்த்து வேறொன்றும் அவர் கண்ணில் பட்டது. கொல்லர், தச்சர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் கைத்திறன் ஆதரிப்பாரின்றி அழிந்துகொண்டிருந்தது. பழைய கட்டடங்களைக் காக்கும்படி கண்டிப் பிரதானிகளுக்கு 1905இல் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஐரோப்பிய நடையுடைகளைக் கண்மூடிப் பின்பற்றுவதை எதிர்த்து இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தில் உழைத்தார். ஆங்கிலேயத் தாயின் மகன், கால்சட்டை போட்ட இலங்கையரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி முதலில் தன்னை நோக்கியே எழுந்திருக்க வேண்டும்.

அந்த அலைச்சலின் பயன் "மத்தியகால சிங்களக் கலை" என்ற பெருநூல். புகைப்படங்கள் பலவற்றை மனைவி எதெல் எடுத்தார். இங்கிலாந்துக் கிராமமொன்றில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டு 1908இல் அது வெளிவந்தது. தமிழ்த் தந்தையின் மகன் சிங்களக் கைவினைஞருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட செய்தியோடு வளர்ந்த என் தலைமுறைக்கு இந்த நூலைக் கையில் எடுப்பது இலகுவான காரியமல்ல. ஆனால் அவர் கொண்டாடிய கண்டிக் கலை தழைத்த காலத்தில், 1739 முதல் 1815 வரை, கண்டியில் ஆண்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வம்சத்தவர். கலப்பு அவருடைய இரத்தத்தில் மட்டும் இருந்ததல்ல. அவர் தொட்ட கலையிலும் இருந்தது.

இலங்கையிலும் அவர் தங்கவில்லை. இந்தியா சென்று சுதேசி இயக்கத்தோடு நெருங்கினார். இராஜபுத்திர ஓவியங்களைத் தேடிச் சேகரித்தார். நடராஜர் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த "சித்தாந்த தீபிகை"யில் வந்தது. சைவ சித்தாந்தத் தமிழ்ப் பாடல்களே அதற்கு அடிப்படை. அவற்றைப் பெரும்பாலும் மற்றவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளினூடாகவே அணுகினார். இன்று எங்கள் வீட்டு அலுமாரிகளில் நிற்கும் நடராஜரை உலகம் பார்க்கும் பார்வையில் பெரும்பங்கு, தமிழைத் தாய்மொழியாகப் பெறாத ஒருவர் தந்தது.

தன் சேகரிப்பைக் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகத்துக்குத் தர முன்வந்தார், ஆதரவு கிடைக்கவில்லை. 1917இல் சேகரிப்பும் அவரும் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த முப்பது ஆண்டுகள் அங்கேதான். உபநிடதங்களையும் பிளேட்டோவையும் ஜேர்மன் ஞானி எக்கார்ட்டையும் அருகருகே வைத்து வாசித்தார். தமிழில் "வீடு" என்ற சொல்லுக்கு இல்லம் என்றும் பொருள், முத்தி என்றும் பொருள். முதலாவது கிடைக்காதவர் இரண்டாவதைப் புத்தகங்களுக்குள் கட்டிக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது.

அந்த வீட்டில் எல்லோருக்கும் இடமிருந்ததா? சாதியமைப்பை அவர் தொழில்வழி ஒழுங்காகக் கண்டு நியாயப்படுத்தினார். உடன்கட்டையை அன்பின் எல்லையாக வியந்தார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டவர்கள் மறிக்கப்பட்டதை அறிந்த எங்களால் இதை ஏற்க முடியாது. தூரத்திலிருந்து ஏங்குபவனுக்கு ஊரின் கோபுரம் தெரியும் அளவுக்கு வாசலில் நிற்பவன் தெரிவதில்லை. இந்த நோய் புலம்பெயர்ந்த எங்களையும் விட்டுவைக்கவில்லை.

1947 ஓகஸ்டில் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில், இந்தியா திரும்பி இறுதிக்காலத்தை அங்கே கழிக்கப் போவதாக அறிவித்தார். செப்ரெம்பர் 9இல், பொஸ்ரனுக்கு அருகே நீடாமில் உள்ள தன் வீட்டில் காலமானார். மகன் இராமாவை அதற்கு முன்பே ஹரித்துவாருக்குப் படிக்க அனுப்பியிருந்தார். அந்த மகன் பின்னர் அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை நிபுணரானார், கத்தோலிக்கத்தைத் தழுவினார். தகப்பன் தேடிய வீட்டுக்கு மகன் குடிபோகவில்லை. தனக்கானதைத் தானே தேடிக்கொண்டார்.

இதையெல்லாம், எனக்குப் பிடிக்காதவற்றையும் சேர்த்து, ஒரு மாலை மகளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் தமிழில எழுதினவரோ?"

"இல்லைப் பிள்ளை. அவற்றை புத்தகங்கள் இங்கிலிஷில."

"அப்ப அவர் என்னை மாதிரி" என்றாள்.

சனிக்கிழமை தோறும் அவளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். இனியும் கூட்டிப்போவேன். ஆனால் என் ஊரை அவளுடைய ஊராக்கவே அவளை அழைத்துப் போகிறேன் என்ற எண்ணம் இப்போது எனக்கில்லை.