அறுநூறு சதுர அடி நிலம்

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ எண்பதுகளில் வாங்கிய ஒரு ஃபிளாட்டின் கிரயப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஃபிளாட்டே இருக்காது. ஹால், படுக்கையறை, பால்கனி எதையும் காணமுடியாது. இரண்டு கிரவுண்டு மனை, அதன் நான்கு எல்லைகள், அதில் எட்டில் ஒரு பங்கான 600 சதுர அடி பிரிபடாத பாகம் என்று நிலம் மட்டும் இருக்கும். வீட்டைப் பற்றிய பேச்செல்லாம் பில்டரோடு தனியாகப் போட்ட கட்டுமான ஒப்பந்தத்தில். அது முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தாகி, பதிவு அலுவலகத்துக்குப் போகாமலே பீரோவில் அடங்கியிருக்கும்.

வங்கிக்கடனுக்காகச் சொத்து மதிப்பிடும் பொறியாளன் நான். சென்னையின் நடுவில் ஃபிளாட் வாங்கலாமா, போட்ட பணம் தேறுமா என்று கேட்டு வருகிறவர்கள் வரைபடத்தை நீட்டுவார்கள். நான் பத்திரத்தைக் கேட்பேன். ஃபிளாட் என்ற சரக்கு இந்த நகரத்தில் எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் அதன் விலையைப் பேசவே முடியாது.

ஃபிளாட்டுக்கு முன்னால் இங்கே நடுத்தர வர்க்கம் ‘ஸ்டோர்’களில் வாழ்ந்தது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே தலைவாசல், உள்ளே நீளமான நடை, இருபுறமும் ஓரறை, ஈரறைக் குடித்தனங்கள், பின்கட்டில் பொதுக் கிணறு, பொதுக் கழிப்பறை. வீட்டுக்காரர் முன்கட்டில் இருப்பார். உலகப் போர்க்காலத்து வீட்டுப் பஞ்சத்தின் தொடர்ச்சியாக 1946-இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிறகு 1960-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 வரை நம்மை ஆண்டது. குமாஸ்தாவையும் பள்ளி ஆசிரியரையும் தெருவில் நிற்கவிடாமல் காத்த சட்டம் அது. அது வந்தபோது அதற்குத் தேவை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் முதலீடு என்ற கோணத்தில் அது செய்த வேலை வேறு. நியாய வாடகையை நிர்ணயிக்க அதில் ஒரு சூத்திரம் உண்டு. நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், வணிகத்துக்கு 12 சதவீதம். காகிதத்தில் தாராளமான வருமானம்தான். அதை வாங்க நீதிமன்றம் போக வேண்டும், இரு தரப்புப் பொறியாளரும் மதிப்பீடு தாக்கல் செய்ய வேண்டும், மேல்முறையீடு முடிய வேண்டும். அதற்குள் அந்த மதிப்பே பழசாகிவிடும். குடியிருப்பவரைக் காலி செய்யவைக்கச் சட்டம் ஒப்புக்கொண்ட காரணங்களும் சில மட்டுமே. வாடகை ஏறாத வீட்டுக்கு எவர் சுண்ணாம்பு அடிப்பார்? உத்தரக்கட்டை உளுத்தது, ஓடு சரிந்தது. ஆள் இருக்கும் வீடு, காலி வீட்டைவிட மலிவாக விலைபோனது.

காலி செய்யவைக்கும் காரணங்களில் ஒன்று, இடித்துத் திரும்பக் கட்டுவது. புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு முதல் ஐந்தாண்டு அந்தச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் இருந்தது. இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் பில்டர் உள்ளே நுழைந்தார் என்பது என் கணிப்பு. அவருக்காகவே காத்திருந்ததுபோல் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தாத்தா காலத்து வீடு இருந்தது. வாரிசுகள் நான்கு பேர், ஒருவர் பம்பாயில், ஒருவர் அமெரிக்காவில். முப்பதடி அகலத்தில் நீண்டு கிடக்கும் வீட்டை நாலாகப் பாகம் பிரித்தால் யாருக்கும் வாசல் மிஞ்சாது. பில்டர் வந்து, மனை உங்களுடையது, கட்டுகிற செலவு என்னுடையது, எழும்புவதில் பாதிக்குப் பாதி என்றார். பாகப்பிரிவினை வழக்கு ஃபிளாட்டாக மாறி முடிந்தது.

அப்போதைய விதிப்படி எஃப்எஸ்ஐ 1.5. மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டில் 7,200 சதுர அடி கட்டடம், 900 சதுர அடியில் எட்டு வீடு, வீட்டுக்கு 600 சதுர அடி நிலப் பங்கு. நடுச்சென்னையின் குறுக்குத் தெருக்களில் பார்க்கிற மூன்று மாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கின் பிள்ளைகள்.

எட்டுப் பேருக்கு எப்படி எழுதிக் கொடுப்பது? பம்பாயில் கூட்டுறவுச் சங்கம் உண்டு. சங்கத்தின் பெயரில் மனை, குடியிருப்பவர் கையில் பங்குச் சான்றிதழ். மகாராஷ்டிரத்தில் 1970-லேயே அடுக்ககச் சட்டமும் வந்துவிட்டது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. சங்கத்தின் பெயரில் நிலம் என்றால் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது, தன் பெயரில் பத்திரம் வேண்டும். ஆகவே நிலத்தைப் பின்னமாக்கி ஆளுக்கொரு கிரயம், கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம் என்ற வழியைச் சென்னை பிடித்துக்கொண்டது. நிலத்தின் மதிப்புக்கு மட்டும் முத்திரைத் தீர்வை கட்டினால் போதும் என்ற லாபமும் அதில் இருந்தது. தமிழ்நாடு அடுக்ககச் சட்டம் 1994-இல் நிறைவேறி 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் வழக்கம் வேரூன்றிவிட்டது. நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பில் புது ஃபிளாட்டைப் பதிவு செய்யும் முறைக்குப் பதிவுத்துறை வந்தது 2023 டிசம்பரில்.

வாங்க வந்தவர்கள் நிறையக் கேட்டார்கள். மெட்ரோ தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீர் உப்பா, கோயிலுக்கு நடக்கிற தூரமா, மேல் வீட்டில் யார். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த ஊரில் இவை வீண் கேள்விகள் அல்ல. 2003-04 வறட்சியில் கிணறு வற்றிய கட்டடத்தில் வாடகைக்காரர் தங்கவில்லை. ஆனால் யுடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப் பங்கு, எவ்வளவு என்று கேட்டவர் குறைவு. கேட்காததன் விலையை இப்போது பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

எட்டு வீட்டுக்கு அனுமதி வாங்கிப் பத்தாகக் கட்டியவர்கள் உண்டு. அங்கே பங்கு 600-லிருந்து 480 ஆகச் சுருங்கும். நிலத்தில் ஒரு பகுதியை யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்ட மனைக்காரர்கள் உண்டு. மொட்டை மாடி உரிமை எங்களுக்கே என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டு, சில வருடம் கழித்து அங்கே ஒரு வீடு எழுப்பியவர்களும் உண்டு. 1999 பிப்ரவரிக்கு முன் கட்டிய விதிமீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு வந்தது. கட்டடம் தப்பியது. பங்கு கூடவில்லை.

இனி லாபக் கணக்கு. 1988-இல் மயிலாப்பூரில் 900 சதுர அடி வீட்டை நான்கு லட்சத்துக்கு வாங்கினார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 1,500 ரூபாய். ஆண்டுக்கு நாலரை சதவீதம், அதிலும் சொத்து வரி, பராமரிப்பு, பூட்டிக் கிடந்த மாதங்கள் கழிய வேண்டும். அப்போது பொது வருங்கால வைப்பு நிதி வரியில்லாமல் 12 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1986 ஏப்ரலிலிருந்து 2000 ஜனவரி வரை அதே விகிதம். அதில் ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்ற வரம்பு இருந்தது என்றாலும், ஃபிளாட் வாங்கியவரைப் பார்த்து, பணத்தைத் தபால் ஆபீஸில் போட்டவர் பெருமைப்பட்டதில் நியாயம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் விலை எகிறியது, பிறகு சில வருடங்கள் அசையாமல் கிடந்தது. 15 சதவீதத்துக்குக் கடன் வாங்கி உச்சத்தில் வாங்கியவர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

அதே வீட்டை 2024-இல் நான் மதிப்பிடுகிறேன் என்று வையுங்கள். மனை விலை சதுர அடி 18,000 என்றால் 600 அடிப் பங்கின் மதிப்பு 1.08 கோடி. கட்டடத்துக்கு 60 வருட ஆயுள், முடிவில் பத்தில் ஒரு பங்கு மிச்சமதிப்பு என்பது எங்கள் தொழிலின் வழக்கம். 36 வருடத்தில் 54 சதவீதம் தேய்ந்திருக்கும். புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,500 என்று எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது பத்து லட்சத்துச் சொச்சம். மொத்தம் ஏறக்குறைய 1.2 கோடி. போட்ட நான்கு லட்சம் முப்பது மடங்காகியிருக்கிறது. கூட்டு வட்டியில் சொன்னால் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, வாடகை அதற்கு மேல். நல்ல முதலீடுதான். ஆனால் இந்தத் தொகையில் பத்தில் ஒன்பது பங்கு நிலம். பங்கு 300 சதுர அடியாக இருந்திருந்தால் அதே ஹால், அதே பால்கனி, 54 லட்சம் காணாமல் போயிருக்கும்.

தேய்மானம் என்பது காகிதக் கணக்கு என்று நினைப்பவர்கள் எண்பதுகளின் கட்டடங்களில் குளியலறைக் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து கம்பி துருப்பிடிக்கும், துரு உப்பும், காங்கிரீட் பாளம் பாளமாகப் பெயரும். ஒரு வீட்டின் கசிவு கீழ் வீட்டின் கம்பியை அரிக்கும். கசிகிறவர் வெளியூரில் இருப்பார், பாதிக்கப்படுகிறவர் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். பெரிய பழுதுகளுக்கான பொது நிதி, கார்ப்பஸ் ஃபண்ட் என்று ஒன்றை அந்தத் தலைமுறை சேர்த்துவைக்கவில்லை.

மண்ணின் பூர்வீகமும் விலையில் வந்து சேரும். தியாகராய நகர், 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில், லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியை வற்றவைத்து எழுந்த குடியிருப்பு. பனகல் பூங்காவைச் சுற்றித் தெருக்களை அழகாகத்தான் வரைந்தார்கள். அடியில் இருப்பது ஏரிக் களிமண், மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கும். கடைக்கால் போடுவதற்கே தனிக் கவனம் வேண்டும். 2021 நவம்பர் மழையில் அந்தத் தெருக்களில் நாள்கணக்காகத் தண்ணீர் நின்றபோது ஏரி இருந்த இடத்தைத் தண்ணீர் மறக்கவில்லை என்று பட்டது. 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்திலும் மேற்கு மாம்பலத்திலும் தரைத்தள வீட்டுக்காரர்கள் இழந்ததை அருகிருந்து பார்த்த பிறகு, தரைத்தளத்தில் வீடில்லாமல் கார் நிறுத்த ஸ்டில்ட் விட்ட கட்டடத்துக்கு நான் தாராளமாகவே மதிப்புப் போடுகிறேன்.

நடுநகரத்து ஃபிளாட்டின் விதியை மறுபடி எழுதியது 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள். எஃப்எஸ்ஐ 2 ஆனது. அதே இரண்டு கிரவுண்டில் இனி 9,600 சதுர அடி. பழைய எட்டுப் பேருக்கும் 900 அடி திருப்பிக் கொடுத்தால் பில்டருக்கு மிஞ்சுவது 2,400. மொத்தத்தையும் கட்ட அடிக்கு 3,000 வீதம் 2.88 கோடி. எட்டுக் குடும்பத்துக்கும் மாதம் 30,000 வாடகை, முப்பது மாதம், 72 லட்சம். மிஞ்சிய 2,400 அடியை 18,000-க்கு விற்றால் 4.32 கோடி. அனுமதி, வட்டி, லாபம் எல்லாவற்றுக்கும் 72 லட்சம் இருக்கிறது, பில்டர் கதவைத் தட்டுவார். புறநகரில் அடி 6,000-க்கு விற்கும் இடத்தில் அதே 2,400 அடிக்கு 1.44 கோடி, கட்டுகிற செலவில் பாதி. அங்கே எவரும் வரமாட்டார்கள், ஃபிளாட் தேய்ந்துகொண்டே இருக்கும். நடுநகரத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணம் இதுதான். விதி மீறிப் பத்து வீடு கட்டிய மனைகளில் ஏற்கெனவே 9,000 அடி எழும்பி நிற்கிறது. மிஞ்சுவது வெறும் 600 அடி. அன்றைக்குச் சாமர்த்தியமாகத் தெரிந்த அந்த இரண்டு வீடுகள், இன்று மற்ற எட்டின் எதிர்காலத்தையும் அடைத்து நிற்கின்றன.

முன்பு எட்டுப் பேரும் கையெழுத்திட வேண்டும் என்பதே நடைமுறை. ஒருவர் மறுத்தால் ஏழு பேர் காத்திருந்தார்கள். 2024-இல் நடைமுறைக்கு வந்த, 2022-ஆம் ஆண்டின் புதிய அடுக்ககச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்றது. எட்டில் ஆறு பேர். நல்ல சட்டம் என்றே சொல்வேன், பெயர்கிற கூரையின் கீழ் குழந்தைகள் தூங்குகின்றன. ஆனால் அந்த மற்ற இரண்டு பேர் யார் என்பதையும் நான் பார்க்கிறேன். பெரும்பாலும் தனியாக இருக்கும் வயதானவர்கள்.

மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் ஒரு கட்டடத்தில் அப்படி ஒரு மாமி. கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “எல்லாம் சரி சார். முப்பது மாசம் நான் எங்க போய் இருப்பேன்? முட்டி வலி, மாடி ஏற முடியாது. கபாலி கோயிலுக்கு நடந்து போற தூரத்துல கீழ் வீடு யார் எனக்கு வாடகைக்குத் தரப் போறா?”

“அதையே எழுதிக் கேளுங்கோ மாமி,” என்றேன்.

அவருக்காக நான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவை சில. மாற்று வீட்டைப் பில்டரே அதே பேட்டையில் தரைத்தளத்தில் பிடித்துத் தர வேண்டும். வாடகைக்கும் முன்பணத்துக்கும் வங்கி உத்தரவாதம் வேண்டும். முப்பது மாதத்துக்கு மேல் ஆகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகை இரட்டிப்பாக வேண்டும். புது வீட்டில் லிஃப்ட், அதற்கு ஜெனரேட்டர். புதிதாக வாங்குகிறவர்களுக்கு விகிதப்படி போவதற்கு மேல் அவருடைய 600 அடிப் பங்கு குறையக் கூடாது, அதற்கு மேல் குறைக்கும் எந்தப் பவர் பத்திரத்திலும் கையெழுத்துக் கேட்கக் கூடாது. ஆறு பேர் சம்மதித்துவிட்ட பிறகும் பில்டர் இவற்றில் நான்கை ஒப்புக்கொண்டார். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.