கலைத்திறனும் மதிப்பெண்ணும்: நியூயார்க் லகார்டியா கலை உயர்நிலைப் பள்ளியின் மாணவர் சேர்க்கை வரலாறு

நியூயார்க் நகரின் லிங்கன் சென்டர் கலையரங்க வளாகத்தை ஒட்டி அமைந்துள்ள ஃபியரெல்லோ எச். லகார்டியா உயர்நிலைப் பள்ளி, இசை, ஓவியம், நடனம், நாடகம் ஆகிய கலைகளைப் பொதுக்கல்வியோடு சேர்த்துக் கற்பிக்கும் அரசுப் பள்ளியாகும். கட்டணமின்றி நடைபெறும் இப்பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2,500க்கும் மேற்பட்ட மாணவர்கள் பயில்கின்றனர்; அவர்களில் பெரும்பான்மையோர் உரிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடித்து விடுகின்றனர். இப்பள்ளியில் சேர்வதற்குக் கலைத்திறன் எவ்வளவு தேவை, பாட மதிப்பெண் எவ்வளவு தேவை என்ற பூசல் 2019இல் மாணவர் போராட்டமாக வெடித்தபோது, அது ஒரு நிர்வாகத்தின் போக்கால் விளைந்த சிக்கலாகவே பலராலும் பார்க்கப்பட்டது. எனினும், பள்ளியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்கினால், வெவ்வேறு நோக்கங்களோடு பிறந்த இரு பள்ளிகளின் இணைப்பிலேயே இப்பூசலின் வித்து இருப்பதும், மாணவர் தொகுதியின் அமைப்பை முடிவு செய்ததில் இவ்விரு அளவுகோல்களை விடப் பள்ளிக்கு வெளியே நேர்ந்த ஒரு மாற்றத்துக்கே பெரும்பங்கு இருப்பதும் புலனாகும்.

அவ்விரு பள்ளிகளுள் மூத்தது, நகர மேயராக இருந்த லகார்டியா 1936இல் நிறுவிய இசை, ஓவிய உயர்நிலைப் பள்ளி. மேயரின் தந்தை அமெரிக்க ராணுவத்தில் இசைக்குழுத் தலைவராகப் பணியாற்றியவர். தம் ஆட்சிக்காலப் பணிகளுள் இப்பள்ளியையே மிகுந்த நம்பிக்கைக்குரியதாக மேயர் கருதினார் என்பர். ஹார்லெம் பகுதிக் குன்றின்மேல் கோட்டை போல் எழுந்து நின்ற, முன்பு ஆசிரியர் பயிற்சிக்கூடமாக இருந்த கட்டடத்தில் இயங்கிய அப்பள்ளிக்கு, நகரின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தனர். இசைவாணரையும் ஓவியரையும் தொழிலுக்கு ஆயத்தப்படுத்துவது அதன் முதல் நோக்கமன்று; கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மாணவருக்குக் கலையையும் ஆழமாகக் கற்பிக்கும் பொதுக்கல்விப் பள்ளியாகவே அது வடிவமைக்கப்பட்டது. ஆகவே நல்ல மதிப்பெண் என்பது அங்குத் தொடக்கம் முதலே இயல்பான எதிர்பார்ப்பாக இருந்தது.

1948இல் 46ஆம் தெருவில் தொடங்கிய நிகழ்த்துகலைப் பள்ளியின் பிறப்பு வேறுவகையானது. மெட்ரோபாலிட்டன் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த ஃபிராங்க்ளின் கெல்லர், மரவேலையும் இயந்திர வேலையும் போல நடனமும் நாடகமும் பிழைப்புக்கு வழிகாட்டும் தொழில்களே என்ற கருத்துடையவர். அக்கருத்தின் விளைவாகவே, தொழிற்கல்விப் பள்ளியின் கிளையாக இப்பள்ளி உருவெடுத்தது. பள்ளி நாளின் ஒரு பாதி கலைப்பயிற்சிக்கும் மறுபாதி பாடங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. மேடைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது போலவே மாணவரையும் ஆடிஷன் வழியாக, அதாவது தேர்வாளர் முன்னிலையில் ஆடியோ பாடியோ நடித்தோ காட்டும் நேர்முறைத் தேர்வின் வழியாக, அப்பள்ளி தேர்ந்தெடுத்தது. பாடங்களில் பின்தங்கி, இங்கிருந்து இடையில் நின்ற ஆல் பசீனோ பின்னாளில் உலகறிந்த நடிகரானார் என்ற செய்தியை, மதிப்பெண்ணை எதிர்ப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஒருவரது வாழ்க்கையைக் கொண்டு ஒரு விதியை நிறுவ இயலாது. ஆயினும் அப்பள்ளியின் முதல் நோக்கம் எதுவாக இருந்தது என்பதை அது காட்டவே செய்கிறது.

இவ்விடத்தில் ஆர்தர் மிட்செலின் வரலாறு கூடுதல் கவனத்துக்குரியது. ஹார்லெமில் வளர்ந்த அக்கறுப்பின இளைஞர் ஒரு விருந்தில் ஆடியதைக் கண்ட இடைநிலைப் பள்ளி ஆலோசகர் ஒருவர், நிகழ்த்துகலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்குமாறு அவரைத் தூண்டினார். முறையான பாலே பயிற்சி ஏதும் இல்லாத நிலையிலேயே ஆடிஷனுக்குச் சென்ற அவர், 1952இல் அங்குப் படிப்பை முடித்து, 1955இல் நியூயார்க் நகர பாலே குழுவில் சேர்ந்து, அதன் முதல் கறுப்பின முதன்மை நடனக் கலைஞராக உயர்ந்து, 1969இல் ஹார்லெம் நடன அரங்கத்தைத் தோற்றுவித்தார். இந்த நிகழ்வுத் தொடரில் மூன்று கண்ணிகள் உள்ளன: பிள்ளையின் திறனை அடையாளம் கண்ட அரசுப் பள்ளி ஊழியர், பயிற்சி பெற்றவரை மட்டுமன்றிப் பயிற்றுவிக்கத் தக்கவரையும் ஏற்ற தேர்வு, கற்பிக்கும் பொறுப்பைத் தானே சுமந்த பள்ளி. பின்னாளில் முதற்கண்ணியே முதலில் அறுந்தது.

இரு பள்ளிகளும் 1961இல் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. 1984இல்தான் லிங்கன் சென்டர் அருகே எழுந்த புதிய கட்டடத்தில் மேயரின் பெயரோடு ஒரே கூரையின்கீழ் வந்தன. அதற்கிடையே 1971இல், ஹெக்ட்–கலாண்ட்ரா சட்டம் எனப்படும் மாநிலச் சட்டம் நிறைவேறியது. அறிவியல் பள்ளிகளின் நுழைவுத் தேர்வு கறுப்பின மாணவருக்கும் புவெர்ட்டோ ரிக்கோ வழிவந்த மாணவருக்கும் பாதகமாக உள்ளதா என்ற கேள்வி எழுந்த சூழலில் இயற்றப்பட்ட அச்சட்டம், ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் அறிவியல், புரூக்ளின் தொழில்நுட்பம் ஆகிய மூன்று பள்ளிகளுக்கும் ஒரே எழுத்துத் தேர்வைச் சேர்க்கையின் ஒற்றை வாயிலாக்கியது. கலைப் பள்ளிக்கு மட்டும் விதி வேறு: கலையில் போட்டித் தேர்வு வைக்கலாம், அதனுடன் பாடங்களில் போதுமான தேர்ச்சிக்குச் சான்றும் வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் ‘போதுமான’ தேர்ச்சியின் அளவைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஐம்பது மதிப்பெண்ணும் போதுமானதே, எண்பதும் போதுமானதே என்று ஒவ்வொரு நிர்வாகமும் தன் விருப்பப்படி பொருள்கொள்ள இடமளித்த இச்சொல்லில், முன்னர்க் கண்ட இரு பள்ளிகளின் நோக்கங்களும் சமரசம் காணாமலே அருகருகே அமர்ந்துவிட்டன.

சட்டத்தை விடப் பெரிய மாற்றத்தை 1975ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி கொண்டுவந்தது. நகராட்சி கடனில் மூழ்கி ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பணிநீக்கம் செய்தபோது, தொடக்க, இடைநிலைப் பள்ளிகளின் இசை ஆசிரியர்களும் ஓவிய ஆசிரியர்களுமே முதலில் வெளியேறினர். வயலினைக் கையில் கொடுக்க ஆளில்லாத பள்ளியிலிருந்து வயலின் ஆடிஷனுக்குப் பிள்ளை வருவது எங்ஙனம்? 1997இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் ஆர்ட்ஸ்’ திட்டம் கலைக்கல்விக்கெனத் தனி நிதி ஒதுக்கி இந்நிலையை ஓரளவு சீர்செய்தது. ஆனால் அந்நிதியைக் கலைக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் 2007இல் நீக்கப்பட்டது. நகரத் தணிக்கை அதிகாரி ஸ்காட் ஸ்டிரிங்கர் 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நகரின் ஐந்தில் ஒரு பள்ளியில் சான்றிதழ் பெற்ற கலை ஆசிரியர் ஒருவர்கூட இருக்கவில்லை. அத்தகைய பள்ளிகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வறுமை மிகுந்த தெற்கு பிராங்க்ஸ், மத்தியப் புரூக்ளின் பகுதிகளில் இருந்தன. ஆடிஷனுக்கான ஆயத்தம் இவ்வாறு பொதுப்பள்ளியின் கையிலிருந்து நழுவி, தனிப்பயிற்சிக்குப் பணம் செலவிட வல்ல பெற்றோரின் கைக்குச் சென்றது.

மாணவர் தொகுதியின் அமைப்பை இப்பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். நகர அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தவரும் ஆவர். வெள்ளை இனத்தவர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே. லகார்டியாவிலோ, 2010களின் இறுதியில் வெள்ளை இன மாணவர் கிட்டத்தட்டப் பாதியளவில் இருந்தனர். அதே காலத்தில் எழுத்துத் தேர்வை மட்டும் நம்பிய ஸ்டைவசன்ட் பள்ளியின் நிலை இன்னும் கடுமையானது. 2019இல் அங்கு இடம் அளிக்கப்பட்ட 895 பேரில் கறுப்பின மாணவர் எழுவரே. எழுத்துத் தேர்வு கூடாது, முழுத்திறனையும் பார்க்கும் தேர்வு வேண்டும் என்று வாதிடுவோர் லகார்டியாவின் நிலையையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. அங்கு எழுத்துத் தேர்வு இல்லை. இருந்தும் வாயில் எல்லார்க்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை.

2013க்குப் பின் நிர்வாகம், ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் வருகைப்பதிவுக்கும் சேர்க்கையில் கூடுதல் இடமளித்தது. ஆடிஷனில் சிறந்து விளங்கியோரும் மதிப்பெண் குறைவால் திருப்பி அனுப்பப்படுவதாகப் பெற்றோரும் முன்னாள் மாணவரும் குறைகூறினர். கலைப் பயிற்சிக்குரிய நேரம் சுருங்குவதாக மாணவர் குமுறினர். 2019இன் கல்வியாண்டு இறுதியில் நூற்றுக்கணக்கானோர் பள்ளித் தாழ்வாரங்களில் அமர்ந்து போராடியதை அடுத்துத் தலைமை மாற்றப்பட்டது. நிர்வாகத் தரப்பின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது: கலையை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வோர் சிலரே, ஏனையோர்க்குக் கல்லூரிப் படிப்பு தேவை என்பது அவர்கள் நிலைப்பாடு, 1936இன் பள்ளியும் இதையே நம்பியது. ஆனால் பதின்மூன்று வயதுக்குள் குவித்த மதிப்பெண்ணும் வருகையும், குடும்பத்தின் வீட்டு நிலையையும் உடல்நலத்தையும் பயண வசதியையும் சார்ந்தவை. ஆகவே தனிப்பயிற்சியால் ஏற்கெனவே குறுகிய வாயிலின்மேல் இரண்டாவது தாழ்ப்பாளாகவே அவை அமைந்தன.

டல்லஸ் நகரின் புக்கர் டி. வாஷிங்டன் கலைப் பள்ளி இதற்கு ஒரு மாற்று வரலாறு. இனப்பிரிவினைக் காலத்தில் கறுப்பின மாணவர்க்கென இருந்த அப்பள்ளி, நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 1976இல் ‘மேக்னட்’ பள்ளியாக, அதாவது சிறப்புப் பாடத்திட்டத்தால் எல்லா இன மாணவரையும் ஈர்த்துப் பிரிவினையைக் குறைக்க முனையும் பள்ளியாக, மாற்றப்பட்டது. அங்கு மாணவர் கலப்பு பள்ளியின் பிறப்பு நோக்கங்களுள் ஒன்று. லகார்டியாவின் பிறப்புச் சான்றில் அந்த நோக்கம் எழுதப்படவே இல்லை.

கொரோனாத் தொற்றின்போது நேர்முக ஆடிஷன் நின்று, மாணவர் வீட்டிலிருந்தே ஒளிப்பதிவு அனுப்பும் முறை வந்தது. நெடுந்தொலைவு ரயிலேறி வரும் சிரமம் அதனால் நீங்கியது. நடனமாட இடமுள்ள அறை, ஓசையில்லாத வீடு, வாசிக்க ஓர் இசைக்கருவி, அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் ஆகியவை மட்டும் முன்போலவே மாணவர் தரப்பின் பொறுப்பாக நீடித்தன.