துப்பறியும் ஜோடிகளும் தள்ளிப்போன திருமணங்களும்

தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் பார்ப்பவர்களிடம் எப்போதும் இரண்டு கேள்விகள் இருக்கும். கொலைகாரன் யார் என்பது முதலாவது. அதற்கு ஒரு மணி நேரத்திற்குள் விடை கிடைத்துவிடும். சேர்ந்து துப்பறியும் அந்த ஆணும் பெண்ணும் எப்போது ஒன்று சேர்வார்கள் என்பது இரண்டாவது. அதற்கு விடை கிடைக்க ஐந்தாறு ஆண்டுகள் கூட ஆகலாம். ஜோடி சேர்ந்துவிட்டால் தொடர் படுத்துவிடும் என்ற நம்பிக்கை தொலைக்காட்சித் துறையினரிடம் வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம். பொக்கட் நாவல்களை வாசித்து வளர்ந்த தமிழர்களுக்கு, அதிலும் கொழும்பில் இருந்து வாசித்தவர்களுக்கு, இது அந்நியமான விடயம் அல்ல.

துப்பறியும் கதையில் காதல் கூடாது என்பது பழைய சட்டம். ஷேர்லொக் ஹோம்ஸ் கடைசி வரை பிரமச்சாரி. அவரது தோழர் டொக்டர் வொட்சன் 1890இல் வெளிவந்த இரண்டாவது நாவலிலேயே காதல்வயப்பட்டு, திருமணமாகி, பேக்கர் வீதியை விட்டுப் போய்விட்டார். அதன் பின்னர் அவரை ஹோம்ஸிடம் திரும்பக் கொண்டுவர ஆர்தர் கொனன் டொயில் ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுத் தேட வேண்டியிருந்தது. 1928இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு இருபது விதிகளை எழுதினார். காதல் விவகாரம் வேண்டாம் என்பது அவற்றில் ஒன்று. அதே ஆண்டில் தாம் தொகுத்த கதைத் தொகுதியின் முன்னுரையில், காதல் துப்பறியும் கதைக்கு இடைஞ்சல் என்ற கருத்தை ஆங்கில எழுத்தாளர் டொரதி சேயர்ஸும் முன்வைத்தார்.

ஆனால் இரண்டே ஆண்டுகளில் அந்தச் சட்டத்தை மீறியவரும் சேயர்ஸ்தான். 1930இல் வெளிவந்த நாவலில், கொலைக்குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கும் ஹரியட் வேன் என்ற பெண் எழுத்தாளரைத் துப்பறிவாளர் லோர்ட் பீற்றர் விம்சி காப்பாற்றுகிறார். திருமணம் செய்யவும் கேட்கிறார். ஹரியட் மறுத்துவிடுகிறார். அவர் சம்மதித்தது 1935இல் வெளிவந்த நாவலின் கடைசிப் பக்கத்தில். இந்த ஐந்து ஆண்டுத் தாமதம் வாசகரை இழுத்து வைத்திருக்கச் செய்த தந்திரம் மட்டும் அல்ல. உயிரைக் காப்பாற்றியவருக்கு நன்றிக்கடனாகக் கழுத்தை நீட்ட ஹரியட் விரும்பவில்லை. மணமுடித்த பின் தமது எழுத்து என்னவாகும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. ஒக்ஸ்போர்ட் பட்டமளிப்பு விழாவில் வழங்கும் இலத்தீன் சொல்லால் விம்சி கேட்கிறார், அதே மொழியில் ஹரியட் சம்மதம் சொல்கிறார். சரிசமமானவர் என்று ஏற்றுக்கொண்ட பிறகே திருமணம் என்பதுதான் அதன் பொருள்.

அகதா கிறிஸ்டி இன்னொரு வழியைக் காட்டினார். 1922இல் அவர் அறிமுகப்படுத்திய டொமி, டப்பன்ஸ் என்ற இளம் ஜோடி முதல் நாவலின் முடிவிலேயே திருமணத்துக்குச் சம்மதித்துவிட்டது. பின்னர் கணவனும் மனைவியுமாகத் துப்பறிந்து, பிள்ளைகள் பெற்று, முதுமையடைந்து, 1973 வரை கதைகளில் வாழ்ந்தது. அமெரிக்காவில் டஷியல் ஹமட்டின் நாவலைத் தழுவி 1934இல் தொடங்கிய நிக், நோரா தம்பதியின் திரைப்படங்கள் 1947 வரை ஆறு வெளிவந்தன. திருமணம் கதையைக் கொல்லும் என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை.

தமிழில் நடந்தது வேறு. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. அதில் காதலர்கள் வேறு, அவர்களைச் சேர்த்துவைக்கும் துப்பறிவாளர் கோவிந்தன் வேறு. 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வுக்கு வேம்பு என்ற மனைவி வாய்த்தாள். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா. இவர்களெல்லாம் நல்ல இல்லாள்கள். ஆனால் துப்பு துலக்குவது கணவனின் வேலை, வீட்டில் காத்திருப்பது மனைவியின் வேலை. வங்காளத்திலும் இதுவே நிலை எனலாம். சரதிந்து பந்தோபாத்யாயின் வியோம்கேஷ், சகோதரன் மீது கொலைச் சந்தேகம் விழுந்த நிலையில் சந்தித்த சத்தியவதியை மணந்துகொள்கிறார். 1993இல் பாசு சட்டர்ஜியின் இயக்கத்தில் தூர்தர்ஷனில் வந்த தொடரிலும், வழக்குகளில் வியோம்கேஷுடன் அலைபவர் நண்பர் அஜித்தான். சுஜாதாவோ கணேஷையும் வசந்த்தையும் பிரமச்சாரிகளாகவே வைத்திருந்து இந்தச் சிக்கலைத் தவிர்த்துவிட்டார்.

பெண்ணை வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது 1980களின் மாத நாவல்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் மூன்லைட் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்து பணியாற்றினார்கள். சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் ஈகிள்ஸ் ஐ நிறுவனத்தில். ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு மட்டும் ரூபலா மனைவி. சுசீலாவின் பனியனில் என்ன வாசகம் எழுதியிருக்கும் என்று பார்ப்பதற்காகவே நாவல் வாங்கியவர்கள் உண்டு. பரத்தும் சுசீலாவும் நாவலுக்கு நாவல் சீண்டிக்கொண்டார்கள். திருமணம் மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

இந்த நாவல்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்திருந்தது. மர்மக்கதை வாசகரின் பசியைத் தீர்த்ததில் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்த 'மித்திரன்' மாலைப் பத்திரிகையின் தொடர்கதைகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் தமிழகச் சஞ்சிகைகளும் மாத நாவல்களும் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. எரிந்த கடைகள் மெல்ல மெல்லத் திரும்பத் திறந்தபோது புத்தகங்களும் திரும்ப வந்தன.

அதே 1980களில்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த விவாதத்தின் மையமான தொடர் வெளிவந்தது. 'மூன்லைட்டிங்' 1985 மார்ச்சில் ஏபிசி அலைவரிசையில் ஆரம்பமானது. சிபில் ஷெப்பர்ட்டும் புரூஸ் வில்லிஸும் ஒரு துப்பறியும் நிறுவனத்தை நடத்தும் மடியாகவும் டேவிட்டாகவும் நடித்தார்கள். ஓயாமல் வாக்குவாதப்பட்ட இருவரும் 1987 மார்ச்சில் ஒன்று சேர்ந்தார்கள். 1989 மே மாதம் தொடர் நிறுத்தப்பட்டது. 'பார்த்தீர்களா, சேர்ந்தார்கள், தொடர் செத்தது' என்ற பாடம் அன்று எழுதப்பட்டது. 'மூன்லைட்டிங் சாபம்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

பத்திரிகையாளன் என்ற முறையில் சொல்வதானால், இது பிரேத பரிசோதனை செய்யாமல் எழுதப்பட்ட தீர்ப்பு. அந்தத் தொடரின் பிரதிகள் நேரத்துக்கு முடிவதில்லை. புதிய அங்கம் வரவேண்டிய வாரத்தில் பழையது மறு ஒளிபரப்பாகும். ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைக் கருவுற்றிருந்தார். வில்லிஸ் 'டை ஹார்ட்' படப்பிடிப்பில் இருந்தார். எனவே ஜோடி சேர்ந்த அடுத்த பருவத்தில் இருவரும் ஒரே காட்சியில் தோன்றுவதே அரிதாகியது. போதாக்குறைக்கு, ரயிலில் சந்தித்த முன்பின் அறியாத ஒருவரை மடி மணந்துகொள்வதாகக் கதையைத் திருப்பினார்கள். தொடரை உருவாக்கிய கிளென் கோர்டன் கரோன் விலகினார். 1988இல் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. இருவரும் சேர்ந்ததால் தொடர் வீழ்ந்தது என்பதைவிட, சேர்ந்தவர்களைச் சேர்ந்திருக்க விடாததால் வீழ்ந்தது என்பதே பொருத்தம்.

பின்னர் வந்த தொடர்கள் இதை நிரூபித்தன. 2005இல் தொடங்கிய 'போன்ஸ்' தொடரில் எலும்பியல் அறிஞர் பிரெனனும் எஃப்.பி.ஐ. அதிகாரி பூத்தும் 2011இல் இணைந்தார்கள், 2013இல் மணமுடித்தார்கள். தொடர் 2017 வரை, பன்னிரண்டு பருவங்கள் ஓடியது. பிரெனன் தாயான பின்னரும் ஆய்வுகூடத்தை விடவில்லை. 2009இல் தொடங்கிய 'காசில்' இன்னும் தெளிவான சான்று. நாவலாசிரியர் காசிலும் பொலிஸ் துப்பறிவாளர் பெக்கட்டும் 2012 மே மாதம் சேர்ந்தார்கள், 2014 நவம்பரில் மணமுடித்தார்கள். அதன் பிறகும் தொடர் நடந்தது. 2016 ஏப்ரலில், பெக்கட்டாக நடித்த ஸ்டானா கட்டிக் அடுத்த பருவத்தில் இருக்கமாட்டார் என்ற செய்தி வெளிவந்தது. இரசிகர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில் தொடரே கைவிடப்பட்டது. திருமணத்தைத் தாங்கிய தொடர், பெண்ணை வெளியேற்றும் முடிவோடு முடிந்துபோனது.

ஆக, பார்வையாளர் அஞ்சுவது திருமணத்துக்கு அல்ல. திருமணத்தின் பின் பெண் காணாமற்போவதற்கே அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. 1980களில் நான் பணியாற்றிய ஒரு பத்திரிகை அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருந்த இருவர் மணமுடித்தனர். செய்தியை மோப்பம் பிடிப்பதில் அந்தப் பெண்ணே கெட்டிக்காரர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். திருமணத்தின் பின் இரவுப்பணி அவருக்குச் சரிவராது என்றார்கள். மகளிர் பக்கம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் வேலையை விட்டார். கணவர் பதவி உயர்வு பெற்றார். எவரும் அதை அநீதி என்று கருதவில்லை. சுசீலாவாக இருந்தவர் இந்திராவானார், அவ்வளவுதான். சுசீலாவின் திருமணம் ஏன் தள்ளிப் போகிறது என்று கேட்ட வாசகர்கள் இதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

எனினும் கொழும்பு வாசகர்களுக்கு இந்தத் தாமதம் இன்னொரு விதத்திலும் உறைத்தது. 1990களில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் வடக்கிலிருந்து வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, விசா, முகவர் என்று காத்திருப்பதே அங்கு வாழ்க்கை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பேசி முடித்து, புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருந்த பெண்பிள்ளைகள் பலர். அந்த அறைகளில் கைமாறி, அட்டை கிழிந்து, முதற்பக்கம் இல்லாமல் வாசிக்கப்பட்டவைதான் இந்த மாத நாவல்கள். நாவலில் கதவு தட்டப்பட்டால் பரத் வருவான், தடயம் தேடுவான், குற்றம் செய்தவனை மட்டும் பிடிப்பான். லொட்ஜில் கதவு தட்டப்பட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் 376 பேரை லொட்ஜ்களிலிருந்து எழுப்பி பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது.

அத்தகையவர்களுக்கு ஒரு ஜோடி சேராமல் இழுபடுவது சுவாரசியமாக இருந்திருக்க முடியாது. தாமதத்தை அவர்கள் வேண்டிய மட்டும் அனுபவித்தாயிற்று. எழுத்தாளருக்கு அது உத்தி, அவர்களுக்கு அது விசா அதிகாரியின் மௌனம். அந்தப் பெண்களில் பலர் பின்னர் விசா கிடைத்துப் போனார்கள். தொலைபேசியில் மட்டும் அறிந்த கணவனோடு குடும்பம் நடத்தி, அவனுக்குச் சமமாக உழைத்து, வீட்டுக்கடனையும் சேர்ந்தே கட்டினார்கள். திருமணத்தோடு தங்கள் கதை முடிந்ததாக அவர்கள் யாரும் எண்ணவில்லை.

டொமி, டப்பன்ஸ் தம்பதியை ஐம்பது ஆண்டுகள் வாழவைத்த கிறிஸ்டிக்கு இது தெரிந்திருந்தது. ஐந்து ஆண்டுகள் யோசித்துச் சம்மதித்த ஹரியட்டை எழுதிய சேயர்ஸுக்கும் தெரிந்திருந்தது. துப்பறியும் ஜோடி சேரலாமா, கூடாதா என்பதல்ல கேள்வி. சேர்ந்த மறுநாள் காலையில் அடுத்த வழக்குக்கு இருவரும் புறப்படுகிறார்களா, ஒருவர் மட்டும் புறப்படுகிறாரா என்பதுதான்.