நாவின் கீழ் ஒரு குளிசை: மருந்தின் உருவமும் உழைப்பின் வரலாறும்

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொருள் எந்த உருவில் நோயாளியை அடைந்தது, அதன் ஆற்றலை எவருடைய உடல்கள் அனுபவித்தன என்னும் வினாக்கள் அங்கு பின்தள்ளப்படுகின்றன. நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கப்படும் நைத்திரோகிளிசரீன் குளிசையை நோக்கும்பொழுது இவ்விரு வினாக்களையும் நாம் தவிர்க்கவியலாது.

1847இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ இப்பொருளை ஆக்கினார். நாவிற் சிறிது பட்டாலே கடுந்தலைவலி உண்டாவதை அவரே குறிப்பிட்டார். எளிதில் வெடிக்கும் இத்திரவத்தை நுண்துளை மண்ணில் ஊறச்செய்து கையாளத்தக்கதாக்கிய அல்பிரட் நோபல், 1867இல் டைனமைற்றுக்கு உரிமம் பெற்றார். ஆக, வெடிபொருளாக அது பெருந்தொழிலில் நுழைந்ததும் உருவமாற்றத்தின் வழியாகவே. இலண்டன் மருத்துவர் வில்லியம் மறெல் 1879இல் அதன் ஒரு வீதக் கரைசலை நெஞ்சுவலிக்குப் பயன்படுத்தியமை பற்றி எழுதினார். 1885ஆம் ஆண்டுப் பிரித்தானிய மருந்து நூலில் அது சொக்கிலேற் வில்லையாக இடம்பெற்றது.

நாவின் கீழ் வைப்பதற்குக் காரணம் யாது? விழுங்கப்படும் நைத்திரோகிளிசரீனின் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடுகின்றது. நாவடி நாளங்களின் குருதியோ ஈரலைத் தவிர்த்து இதயத்தை அடைகின்றது. எனினும், உமிழ்நீரிற் கரைந்ததே அகத்துறிஞ்சப்படும். எனவே குளிசை சிறிதாகவும் விரைந்து கரைவதாகவும் இருத்தல் வேண்டும். வாய் உலர்ந்திருப்பின் பயன் தாமதமாகும். மறுபுறம், இப்பொருள் ஆவியாகும் இயல்பினது. ஒரே குப்பியினுள் ஒரு குளிசையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். பிளாஸ்ரிக்கிலும் பஞ்சிலும் படியும். இதனாலேயே 1972இல் அமெரிக்கா கண்ணாடிக் குப்பியை விதியாக்கியது. ஆவியைப் பிடித்துவைக்கும் துணைப்பொருள்களும் சேர்க்கப்பட்டன. பிடித்துவைத்தல், விரைந்து விடுவித்தல் என்னும் இரு தேவைகளின் முரண்பாடே இக்குளிசையின் வளர்ச்சியை இயக்கியது. 1980களில் பரவிய தெளிமருந்து, கரைந்த நிலையிலேயே வாயினுட் சென்றதால், குளிசை கரையவேண்டும் என்ற தேவையைக் கடந்தது.

இவ்வரலாற்றின் மறுபக்கம் வெடிமருந்து ஆலையில் உள்ளது. அங்கு தொழிலாளர் தோலாலும் மூச்சாலும் இதே பொருளை அளவின்றி உட்கொண்டனர். திங்கட்கிழமை தலைவலி வரும். வாரநடுவில் உடல் பழகிவிடும். ஓய்வுநாளில் நெஞ்சுவலியும், சிலவேளை திடீர் மரணமும் நேரும். அப்பழக்கம் கலையாதிருக்கத் தொப்பியின் உட்பட்டியில் சிறிது தடவிக்கொண்டு வீடு சென்றோரும் உளர். பின்னாளில் தோலில் ஒட்டும் மருந்துப்பட்டை, நாள் முழுவதும் அணியப்பட்டபோது பயனிழந்தது. இன்று நாள்தோறும் சில மணிநேரம் அது அகற்றப்படுகின்றது. மருத்துவம் இங்கு எதிர்கொண்ட தாங்குதிறனை ஆலைத் தொழிலாளரின் உடல்கள் முன்னரே அறிந்திருந்தன.

உருவம் உள்ளடக்கத்தின் வெறும் உறையன்று என இலக்கியத்தில் நாம் வாதிட்டு வந்துள்ளோம். காகித உறைக்குள் மாற்றிவைத்த குளிசையை நம்பி வலியோடு காத்திருக்கும் நோயாளிக்கு இது வெறும் கோட்பாட்டு வாதமன்று. அவர் கையிற் குளிசை இருக்கும்; அதனுள் மருந்து இராது.